கறிகாய்க் கொல்லை கூறும் வரலாறு



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோட்டைகள், கல்வெட்டுகள், செப்பேடுகள், போர்க்களங்கள் ஆகியன. அவற்றைப் பற்றி உங்கள் பாடநூல்களில் நிரம்பப் படித்திருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை ஆரவாரம் உடையதன்று. வீட்டின் பின்புறத்தில் கிணற்றடியிலும் பந்தலடியிலும் வளர்கின்ற கத்தரி, அவரை, பரங்கி, மிளகாய் முதலியவற்றின் வரலாறே அது. கல்வெட்டைப் படித்தறிய அத்துறை வல்லுநர் வேண்டும். செப்பேட்டைக் காண அருங்காட்சியகம் செல்ல வேண்டும். கறிகாய்க் கொல்லையைப் படிப்பதற்குக் கண்ணும் காதும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும். 35 ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் நான். அரசர்களின் ஆட்சியாண்டுகளை மறந்துவிட்ட மாணவர்களும், மிளகாய் வந்த கதையை மறக்காமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

வரலாற்று ஆசிரியன் சான்று இன்றிப் பேசலாகாது. கொல்லையின் வரலாற்றுக்கு மூன்று சான்றுகள் உண்டு. ஒன்று காய்களின் பெயர். மற்றொன்று அவற்றை விதைக்கும் பட்டம். இன்னொன்று அவற்றைச் சமைக்கும் முறை. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். கத்தரிக்காய்க்கு வழுதுணங்காய் என்னும் பழம்பெயர் உண்டு. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று அதனைப் பாராட்டுகிறது. அவரை, சுரை, பீர்க்கு, வள்ளி என்பன சங்கப் பாடல்களிலேயே பேசப்படுகின்றன. பிறிதொன்றைச் சாராமல் தாமே நிற்கும் இத்தகைய பெயர்கள் பெரும்பாலும் இந்த மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்த காய்களுக்கு உரியவை. வேறு பல காய்களின் பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். அவை தம் பிறப்பைத் தாமே கூறிவிடும்.

மிளகாய் என்பது மிளகு, காய் என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர். மிளகைப் போல் உறைக்கின்ற காய் என்பது பொருள். ஒரு பொருளுக்கு இன்னொரு பொருளின் பெயரைச் சார்ந்து பெயரிடுகிறோம் என்றால், முன்னது பின்னதற்குப் பிறகு வந்தது என்று கொள்ளலாம். உண்மையும் அதுவே. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1492-இல் அக்கண்டத்தின் தீவுகளை அடைந்தார். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு அருகே கரையிறங்கினார். 1510-இல் போர்ச்சுகீசியர் கோவாவைக் கைப்பற்றினர். அந்த நூற்றாண்டிலே அவர்களுடைய கப்பல்களில் மிளகாய் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியபோது தமிழகத்தில் ஒரு மிளகாய்ச் செடிகூட இருந்ததில்லை.

சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்னும் இரண்டும் இதே வகையைச் சேர்ந்தவை. வள்ளிக்கிழங்கு நம் குறிஞ்சி நிலத்துக்கு உரியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இரண்டு புதிய கிழங்குகளைக் கண்ட நம் முன்னோர், ஒன்றை இனிப்பு நோக்கியும் மற்றொன்றை மரம் போன்ற தண்டு நோக்கியும் வள்ளியின் சுற்றத்தில் சேர்த்துவிட்டனர். தாவர நூலார் இம்மூன்றையும் மூன்று வெவ்வேறு குடும்பங்களில் வைப்பர். தக்காளியும் இவ்வாறே பெயர் பெற்றது. நம் வேலியோரத்து மணத்தக்காளியை ஒத்த செடி என்பதால் முதலில் அதனைச் சீமைத்தக்காளி என்றனர். நாளடைவில் சீமை உதிர்ந்து தக்காளி நின்றது.

இனி, வந்த வழியையே பெயராகக் கொண்ட காய்கள் சில. மேலை ஆசியாவில் ஐரோப்பியரைப் பிராங்குகள் என்னும் இனப்பெயரால் அழைத்தனர். அச்சொல்லே நம்மிடையே பரங்கி ஆயிற்று. பரங்கியர் கொண்டுவந்த காய் பரங்கிக்காய். கலியாண விருந்தில் இடம்பெறும் சாம்பல் பூசணி ஆசியாவுக்கு உரியது. மஞ்சள் நிறப் பரங்கியோ அமெரிக்காவுக்கு உரியது. பெங்களூர்க் கத்தரிக்காய் என்று நாம் கூறும் காய் மெக்சிகோ பகுதியில் தோன்றி, பெங்களூர்ச் சந்தை வழியாக நம்மை அடைந்தது. நடுநாட்டு மக்கள் நிலக்கடலையை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதன் திரிபு அது. தென்னமெரிக்காவில் பிறந்த கடலை, ஸ்பானியரின் கப்பல்களில் பசிபிக் கடலைக் கடந்து மணிலாவை அடைந்த செய்தியை, விழுப்புரம் பக்கத்துக் கிழவி ஒருத்தி தன்னை அறியாமலே நாள்தோறும் உரைத்து வருகிறாள்.

மூன்றாம் வகைப் பெயர்கள் கேரட், பீட்ரூட், பீன்ஸ் போன்றவை. இவற்றுக்கு நாம் உறவும் கற்பிக்கவில்லை; ஊரும் கற்பிக்கவில்லை. ஆங்கிலேயர் வாயிலிருந்து கேட்டவாறே எடுத்துக்கொண்டோம். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்குச் சென்றார். அவரும் அவரைப் பின்பற்றிச் சென்ற ஐரோப்பியரும் உருளைக்கிழங்கு முதலிய குளிர்நாட்டுக் காய்களை அங்கே பயிரிட்டனர். 1840-களில் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர், ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தித் தமக்கென ஒரு காய்கறித் தோட்டம் அமைத்தனர். 1848-இல் வந்து சேர்ந்த வில்லியம் கிரகாம் மக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் அங்கே தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். கோடையில் மலர்க்காட்சி காண மக்கள் திரள்கின்ற உதகைப் பூங்காவின் தொடக்கம், சமையலுக்குக் காய் வேண்டிய சில குடும்பங்களின் மாதச் சந்தாவே ஆகும். சென்னையில் 1835-இல் நிறுவப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கமும் இக்காலத்தைச் சேர்ந்ததே.

இங்ஙனம் பிற நாட்டுக் காய்கள் இங்கு வந்தது போலவே, நம் காய்களும் வெளிநாடு சென்றன. கத்தரிக்காய் பாரசீகத்துக்கும் அரபு நாட்டுக்கும் சென்று, அரபியரோடு ஸ்பெயின், போர்ச்சுகல் வரை பயணம் செய்தது. போர்ச்சுகீசியர் அதனைப் பெரிஞ்செலா என்றனர். அவர்கள் இந்தியாவுக்கு வந்தபோது அப்பெயரும் உடன் வந்தது. அதுவே இந்திய ஆங்கிலத்தில் பிரிஞ்சால் ஆயிற்று. இந்தியக் காய் ஒன்று உலகைச் சுற்றி, வேற்றுப் பெயரோடு பிறந்த வீட்டுக்கே திரும்பிய விந்தை இது.

அடுத்த சான்று பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் உழவர் மொழி. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. அம்மழை வருவதற்குள் கொடிகள் வேரூன்றிப் பந்தலேறிவிட வேண்டும். ஆகவே ஆடியில் பெய்யும் சிறுமழையின் ஈரத்தில் விதை ஊன்றுவர். என் இளமையில், 1960-களில், காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லையில் இம்முறை வழுவாமல் நடைபெற்றது. ஆடி பிறந்ததும் என் அன்னையார் பரணிலிருந்து சுரைக்குடுக்கையை இறக்குவார். அதில் சாம்பலோடு கலந்து வைத்த அவரை விதைகள் இருக்கும். பரங்கி விதைகளோ சாண வறட்டியில் பதிந்து சுவரில் ஒட்டியிருக்கும். வறட்டியை உடைத்து அப்படியே குழியில் இட்டால், விதையும் எருவும் ஒன்றாகவே மண்ணுக்குச் சேரும்.

புடலும் பாகலும் பீர்க்கும் ஆவணி, புரட்டாசியிலேயே காய்க்கத் தொடங்கும். அவரைக்கொடி மட்டும் பந்தல் முழுதும் படர்ந்து, பச்சைப்பசேல் என்று நின்று, ஒரு பூவும் காட்டாது. கார்த்திகை கழிந்து பனி இறங்கும்போதுதான் அது கொத்துக் கொத்தாகப் பூக்கும். மார்கழியிலும் தையிலும் காய்த்துக் குவியும். இதற்குக் காரணம் குளிர் மட்டுமன்று. இரவின் நீளமும் ஆகும். நாட்டு அவரை, பகல் குறுகி இரவு நீண்டால் மட்டுமே பூக்கும் இயல்புடையது. அதனைத் தையில் ஊன்றினால், பகல் நீளும் மாதங்களில் இலையும் கொடியுமாக வளர்ந்து ஏமாற்றும். பயிரின் இந்த இயல்பை அறிவியலார் சென்ற நூற்றாண்டில் ஆராய்ந்து விளக்கினர். அதற்கு நெடுங்காலம் முன்பே நம் பெண்கள் அதனைப் பட்டம் என்று பெயரிட்டுப் பின்பற்றி வந்தனர். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் போன்ற ஆராய்ச்சி நிலையங்கள், இந்தக் கட்டுப்பாடு இன்றி எல்லாப் பருவத்திலும் காய்க்கும் செடியவரை வகைகளை உருவாக்கித் தந்துள்ளன. பழைய அறிவை உணர்ந்தவர்க்கே அப்புதிய ஆக்கத்தின் அருமையும் விளங்கும்.

மாசி, பங்குனியில் கொல்லையின் வேலை அடுக்களைக்கு மாறும். எஞ்சிய கொத்தவரங்காயை மோரிலும் உப்பிலும் ஊறவைத்து வெயிலில் காயவைப்பர். கத்தரிக்காயை அரிந்து வற்றலாக்குவர். மணத்தக்காளியும் சுண்டையும் வற்றலாகும். மிளகாய், மோர்மிளகாயாக மாறும். சித்திரை, வைகாசியில் கொல்லை வறண்டு கிடக்கும்போது, இவ்வற்றல்களே குழம்புக்கு உதவும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், கதிரவனையும் உப்பையும் துணைக்கொண்டு, விளைவு மிகுந்த மாதத்தின் காயை விளைவற்ற மாதத்துக்குக் கொண்டுசேர்த்தனர். இதனையும் பொருளியல் என்றே நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

மூன்றாம் சான்றாகிய சமையலுக்கு வருவோம். ஒரு முறை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, மிளகாய் இல்லாத காலத்தில் நம் முன்னோர் குழம்பு எப்படி வைத்தார்கள்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. “உன் பாட்டியிடம் போய், திவசத்தன்று என்ன சமைப்பார்கள் என்று கேட்டு வா” என்றேன். மறுநாள் அவன் கொண்டுவந்த பட்டியலில் மிளகாய் இல்லை. மிளகும் சீரகமும் இருந்தன. தக்காளி இல்லை, புளி இருந்தது. முட்டைக்கோஸ் இல்லை, வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல் இருந்தன. அதன் பொருளை வகுப்பு முழுவதும் உடனே உணர்ந்துகொண்டது.

இறந்த முன்னோர்க்குப் படைக்கும் உணவில், அவர்கள் அறியாத பொருளைச் சேர்க்கலாகாது என்று பல குடும்பங்கள் கருதின. ஆதலால், 500 ஆண்டுகளுக்கு முற்பட்ட சமையல், ஆண்டுக்கு ஒரு நாள் அவ்வீடுகளில் மீண்டும் உயிர்பெறுகிறது. ஒடிசாவில் உள்ள பூரி செகந்நாதர் கோயிலின் மடைப்பள்ளியிலும், உருளைக்கிழங்கு, தக்காளி போன்ற புதிய காய்களை மகாபிரசாதத்தில் சேர்ப்பதில்லை. எனினும், இக்கட்டுக்காவலிலும் ஒரு நுழைவாயில் உண்டு. சில இல்லங்களின் திவசச் சமையலில் சர்க்கரைவள்ளி இடம்பெற்றிருக்கிறது. வள்ளி என்னும் பழம்பெயரைப் போர்த்துக்கொண்டு வந்ததால், வாயிற்காவலர் அதனை உறவினர் என்றே உள்ளே விட்டுவிட்டனர் போலும்!

இதற்கு மாறானது பொங்கல் திருநாள். பொங்கலன்று பல காய்களைச் சேர்த்து வைக்கும் குழம்பில் அவரை, மொச்சை, வாழைக்காய், கருணை ஆகிய பழையவற்றோடு, பரங்கியும் சர்க்கரைவள்ளியும் கூசாமல் அமர்ந்திருக்கும். அன்று கொல்லையில் விளைந்தது எதுவோ அதுவே கதிரவனுக்குப் படையல். முன்னோரை நினைக்கும் நாள் பழமையைக் காக்கிறது; விளைச்சலைப் போற்றும் நாள் புதுமையை ஏற்கிறது. ஒரே வீட்டின் அடுப்பில் இவ்விரண்டும் நடைபெறுகின்றன. நம் பண்பாடு இவ்விரு கைகளாலும் வளர்ந்தது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

சங்கத் தமிழில் கறி என்னும் சொல் மிளகைக் குறித்தது. யவனரின் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றுப் பாடல் ஒன்று கூறுகிறது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் நம் மிளகுத்தண்ணீரைத் தம் மேசைக்குக் கொண்டுசென்று, அதன் பெயரை முல்லிகட்டானி என்று சிதைத்து வழங்கினர். அத்தகைய மிளகு, தான் ஆண்ட அடுக்களையில் பெரும்பங்கை மிளகாய்க்கு விட்டுக்கொடுத்தது எவ்வாறு? விடை எளியது. மிளகுக்கொடி மேற்கு மலைச்சரிவின் நிழலையும் மழையையும் வேண்டும். ஏழைக்கு அதனை விலை கொடுத்தே வாங்க வேண்டும். மிளகாய்ச் செடியோ, கொல்லையில் எங்கு ஊன்றினாலும் சில மாதங்களில் காய்த்துவிடும். செல்வர் உணவில் மட்டும் தாராளமாக இருந்த உறைப்பை எல்லார் கலயத்துக்கும் கொண்டுவந்தது மிளகாயே.

நண்பர்களே, இதுவரை சொன்னவை சுவைக்குரிய செய்திகள். கொல்லையின் வரலாற்றில் கண்ணீருக்குரிய பகுதியும் உண்டு. அதனை விட்டுவிட்டால் என் பேச்சு நேர்மையாகாது.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு வறிய வீட்டைக் காட்டுகிறார். அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். பிறர் காணக்கூடாது என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே அம்மலை தருகின்ற நான்கு உணவுகளைக் கபிலர் புறநானூற்றில் எண்ணிக் காட்டுகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. நெல் வயலும் களஞ்சியமும் கைவிட்ட வேளையில், கீரையும் கிழங்கும் உயிரைக் காத்த செய்தி ஈராயிரம் ஆண்டு பழமையானது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முதியோர் கூறுவது அதுவே. அப்பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்து, கூலியாகத் தானியமும் சிறு காசும் அளித்தது. 1877-இல் பஞ்சப் பணிகளை மேற்பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், உழைக்கும் ஓர் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம் போதும் என்று குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ் இதனை எதிர்த்தார். குறைந்தது 680 கிராம் தானியம் வேண்டும். அதனோடு பருப்பும் காய்கறியும் சேர வேண்டும். வெறுந்தானியம் உழைக்கும் உடலைத் தாங்காது என்று வாதாடினார். சில திங்களில் அரசாங்கம் ஓரளவு இறங்கிவந்து, தானியத்தை உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தது. அதற்குள் நலிந்த உயிர்கள் எத்தனையோ! ஒரு கைப்பிடிக் கீரையும் ஒரு கரண்டிப் பருப்பும் அரசாங்கக் கோப்புகளில் வாதப்பொருளாகி நின்ற காலம் அது. அன்றாடம் தட்டில் ஒதுக்கப்படும் காயைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வழக்கு என் நினைவுக்கு வரும்.

திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், மரவள்ளியைப் பயிரிடக் குடிகளை ஊக்குவித்தார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, பர்மா அரிசி வருவது நின்றது. அப்போது திருவிதாங்கூர் ஏழைகளின் அடுப்பில் வெந்தது பெரும்பாலும் அம்மரவள்ளியே. 1943-இல் வங்கம் பஞ்சத்தில் வீழ்ந்தது. அக்காலத்தில் தொடங்கிய அதிக உணவு உற்பத்தி இயக்கம், விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்தது. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரம் ஒருவேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். அடுத்த ஆண்டும் வறட்சி நீடித்து, அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. அக்காலத்தில் நான் தொடக்கப்பள்ளிச் சிறுவன். வீட்டில் அரிசி அளவாகவே இருந்தது. கஞ்சியில் முருங்கைக்கீரை மிகுந்திருந்தது. பசியின் கொடுமையை நான் முழுதாக அறியாமல் வளர்ந்தமைக்கு, அந்த ஒற்றை முருங்கை மரத்துக்கும் அதனருகே பாத்தி கட்டிய கைகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

1937-இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில், தோட்டவேலையும் ஒரு பாடமாக இருந்தது. அதன் எதிரொலி என் ஆசிரியப் பயிற்சிக் காலம் வரை கேட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது விரிந்து பரவிய பள்ளி மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. நான் பணிபுரிந்த பள்ளியில், குழாயடியில் வீணாகும் நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, மாணவர்கள் கீரைப்பாத்தி அமைத்தனர். தண்டுக்கீரை விதைத்த 25, 30 நாளில் பறிக்கலாம். பறித்த கீரை சத்துணவுக் கூடத்துச் சாம்பாரில் சேர்ந்தது. வீட்டில் கீரையைத் தொடாத பிள்ளைகள், தாம் நீர் ஊற்றிய கீரையை மட்டும் மறுக்காமல் உண்டனர்.

கொல்லையின் வரலாறு இன்னுமோர் எச்சரிக்கையும் தருகிறது. அதனை அயர்லாந்திலிருந்து அறியலாம். அந்நாட்டு ஏழைகள் உருளைக்கிழங்கு ஒன்றையே உணவாகக் கொண்டனர். அதிலும் பெரும்பாலோர் ஒரே இரகத்தையே பயிரிட்டனர். 1845-இல் கருகல் நோய் பரவியது. ஓர் இரகத்தை வீழ்த்திய நோய், நாடு முழுவதையும் வீழ்த்திற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். அப்பஞ்சத்தை அவ்வளவு கொடியதாக்கியதில் நிலவுடைமை முறைக்கும் ஆட்சியாளரின் போக்குக்கும் பங்குண்டு. ஆயினும், பல இரகங்கள் இருந்திருந்தால் அழிவு அத்துணை விரைவாக வந்திராது. பல விதைகள் உள்ள கொல்லை, பல தூண்கள் உள்ள மண்டபத்தைப் போன்றது.

நம் மண்ணில் கத்தரி இரகங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். வெள்ளைக் கத்தரி, பச்சைக் கத்தரி, வரிக்கத்தரி, முட்கத்தரி என்று பல உண்டு. 2010-இல் மரபணு மாற்றிய கத்தரிக்கு நடுவண் அரசு இசைவு தராமல் நிறுத்திவைத்தபோது, இப்பன்மையைக் காக்க வேண்டும் என்பதும் எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று. சந்தையில் இன்று வாங்கும் வீரிய ஒட்டு விதை மிகுந்த விளைச்சல் தருகிறது. அதனைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால், அதன் காயிலிருந்து எடுத்த விதையை மறு ஆண்டு ஊன்றினால், தாய்ச்செடியின் குணம் அப்படியே வருவதில்லை. ஆண்டுதோறும் விதையை வாங்கியாக வேண்டும். நாட்டு இரகமோ, விதை எடுத்து வைப்பவர் கையில் என்றும் தங்கும். சுரைக்குடுக்கை வெறுமையாகிவிட்டால், அதில் இருந்த இரகத்தை மீண்டும் படைக்க எந்தக் கடையாலும் இயலாது.

2023-இல் நம் மாநிலத்துக் காய்கள் இரண்டு புவிசார் குறியீடு பெற்றன. ஒன்று வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்; மற்றொன்று இராமநாதபுரம் குண்டு மிளகாய். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கத்தரி இம்மண்ணின் பழங்குடி. மிளகாய் கடல் கடந்து வந்த விருந்தினர். இராமநாதபுரத்துக் கரிசலிலும் வெயிலிலும் தலைமுறை தலைமுறையாக விளைந்து, அவ்வூர்ப் பெயரையே தன் பெயராகக் கொள்ளும் உரிமையை அவ்விருந்தினர் ஈட்டிவிட்டார். எது நம்முடையது, எது அயலது என்று வழக்காடுவோர், இத்தீர்ப்பை ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. உழைத்து வளர்த்தவர் கையில் எதுவும் நம்முடையதாகும். பேணாது விட்டால் நம்முடையதும் நம்மை விட்டு நீங்கும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு பணி கூறி முடிக்கிறேன். இவ்வார இறுதியில் உங்கள் வீட்டிலோ சுற்றத்திலோ மூத்த ஒருவரை அணுகுங்கள். அவர் இளமையில் கொல்லையில் இருந்த காய்கள் எவை, எந்தப் பட்டத்தில் விதைத்தனர், விதையை எதில் காத்தனர், திவசத்துக்கும் பொங்கலுக்கும் எதைச் சமைத்தனர் என்று கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பெயரையும் பிரித்து, அது எங்கிருந்து வந்தது என்று ஆராயுங்கள். பிறகு ஒரு நாட்டு அவரை விதையோ தக்காளி விதையோ பெற்று ஊன்றுங்கள். இவ்விரண்டும் பெரும்பாலும் தம்முள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பவை. ஆதலால் புதிதாக விதை காப்பவர்க்கும் இவை எளியவை. கொல்லை இல்லாதவர்க்கு மாடியில் ஒரு மண் தொட்டி போதும். முதற்காய் அனைத்தையும் பறித்துவிடாதீர்கள். நல்ல காய் இரண்டைச் செடியிலேயே முற்றவிட்டு, விதை எடுத்து நிழலில் உலர்த்தி, ஒரு பொட்டலத்தில் ஆண்டையும் ஊரையும் எழுதி வையுங்கள்.

அப்பொட்டலமும் ஒரு வரலாற்று ஆவணமே. வேறு ஆவணங்களைப் படிக்கத்தான் முடியும். இதனை அடுத்த ஆடியில் விதைக்கவும் முடியும்.